பாரூர் ஏரியில் பதினொரு வாத்துகள்

1954, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை 5-50க்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். போச்சம்பள்ளிச் சந்தை நாள். கால் வைக்கும் இடத்தை ஓர் ஆட்டுக்குட்டியோடு பங்கிட்டுக்கொண்டேன். போச்சம்பள்ளியிலிருந்து பாரூர் ஏரிக்கு ஐந்து மைல், குதிரை வண்டி, ஒரு ரூபாய். வடக்கே பனிநாட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துக் குளிருக்கு நம் பக்கம் வரும் குடுமி வாத்து அங்கே இறங்கியிருப்பதாக நண்பர் எழுதியிருந்தார். நீருக்குள் முங்கி இரை தேடும் அந்த வாத்தை நான் பார்த்ததே இல்லை.

8-40. ஏரி நடுவே கறுப்பாகப் பதினொன்று. முங்கிய ஒன்று எழப் பதினெட்டு வினாடி ஆயிற்று. தூரத்தில் குடுமி தெரியவில்லை.

கரையில் பரிசலுக்குப் பக்கத்தில் வலையை மடியில் வைத்தபடி முனியப்பன் என்ற மீன்காரர் உட்கார்ந்திருந்தார்.

"வலை போடலையா?"

"எங்கீங்க போடறது? மீன் இருக்கற எடத்துலயே முங்குதுங்க. போன வருசம் ஒண்ணு மாட்டிச் செத்து, ரெண்டு முழம் வலை போச்சு."

"கல்லால் விரட்டலாமே?"

"மீனும் ஓடிடுமுங்க. பரிசல்ல போனா, முங்கி அந்தப் பக்கம் எழும்புதுங்க."

மேட்டிலிருந்து அவர் மனைவி கத்தினார்: "மத்தியானம் மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துடுவாங்க. நீ வாத்தப் பாத்துக்கினே குந்திக்கினு இரு!"

மகளை நிச்சயம் செய்ய வருகிறார்களாம். மீன் குழம்பு என்று சொல்லியனுப்பியாகிவிட்டது.

வாத்துகள் மெல்லக் கரைப்பக்கம் வந்துகொண்டிருந்தன. இன்னும் அரைமணி சும்மா இருந்தால் எனக்குக் குடுமி தெரியும். அவருக்கு மீன் கிடைக்காது. 9-25க்கு எழுந்தேன். நீரோரம் போய், வெயிலுக்காகக் கொண்டுவந்திருந்த குடையைப் படக்கென்று விரித்தேன்.

அத்தனையும் தண்ணீர்மேல் ஓடி எழும்பின. கறுப்பு முதுகு, வெள்ளை விலா, இறக்கை நெடுக ஒரு வெள்ளைப் பட்டை! புத்தகம் சொன்ன வாத்தேதான். குடுமியைப் பார்க்கவில்லை என்பதையும் நோட்டில் எழுதினேன்.

"இந்தக் குடை என்ன வெலைங்க?" என்று கேட்டுக்கொண்டே முனியப்பன் பரிசலில் ஏறினார்.

11-10. நான்கு கெண்டை, ஒரு விரால். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஏரிக்கரையில் எதிரே ஒரு மாட்டுவண்டி. வெற்றிலைத் தட்டோடு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, முனியப்பன் வூட்ல மீனு ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. விராலும் உண்டு."

"அப்ப சரி, ஓட்டு," என்றார் வண்டிக்காரரிடம்.

எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டார் இப்படி வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இலையில் மீன் விழாவிட்டால், பேரன் பிறந்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள்.