வலது கைக்குள் இருந்த சாவி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் உயிரியல் சொல்லித் தருகிறேன். மூளைப் பாடம் வந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். கேமரா முன்னால் இரண்டு முஷ்டிகளையும் ஒட்டி வைத்து, "இதுதான் உங்க பெருமூளை, கிட்டத்தட்ட இவ்வளவுதான் சைஸ்" என்பேன். இடது பாதி வலது கையை ஆட்டுவிக்கிறது, வலது பாதி இடது கையை. நரம்புகள் முகுளத்தில் குறுக்கே மாறிப் போவதைக் கைகளைக் குறுக்கி வைத்துக் காட்டுவேன். அதோடு, வலிப்பு வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணியைப் பாருங்கள், கையில் இரும்பு கொடுப்பதெல்லாம் மூடநம்பிக்கை. கடைசி வரியைச் சொல்லும்போது லேசாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்தே காய்ச்சல். மருந்து கொடுத்தேன். கொடுத்த பிறகு, அளவு குறைந்துவிட்டதோ, கூடிவிட்டதோ என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று பாதாம் பருப்பளவு ஒரு பகுதி இருக்கிறது. உடம்புச் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். காய்ச்சலில் அந்த அளவை மேலே ஏற்றி வைத்துவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், அவள் நெற்றியில் கை வைப்பதும் எடுப்பதுமாக மதியத்தை ஓட்டினேன். கணவர் வேலை விஷயமாகப் பொத்தேரி போயிருந்தார்.

மடியில் கிடந்தவளின் கண்கள் திடீரென்று மேலே செருகின. உடம்பு விறைத்தது. பிறகு வெட்ட ஆரம்பித்தது.

நான் அவளைப் படுக்க வைக்கவில்லை. மணியையும் பார்க்கவில்லை. அவளை அள்ளிக்கொண்டு வாசல் கதவுக்கு ஓடி, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடுங்கி, அவளுடைய வலது உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். அந்தக் குட்டி விரல்களின் மேல் என் கையை மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. சின்ன வயதில் பஸ் நிலையத்தில் யாரோ விழுந்தபோது, "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று கூட்டம் கத்தியதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என் கை அதற்கு அப்படியே கீழ்ப்படிந்தது.

என் அலறலைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். அவர் கணவருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் டயர் கடை. "யா அல்லா" என்று ஒரு முறை சொன்னவர், நேராகக் கீழே இறங்கிப் போய் ஆட்டோவை நிறுத்தி, எங்களோடு அவரும் ஏறிக்கொண்டார். ஆட்டோவில் ஏறும்போதே வெட்டுவது நின்று, இரும்புலியூரிலிருந்து தாம்பரம் வருவதற்குள் குழந்தை துணி மாதிரி துவண்டு தூங்கிவிட்டாள். சாவிக்கொத்து எப்போது நழுவியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். சூட்டைப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார்.

"எவ்ளோ நேரம் வந்துச்சு?"

"ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும், டாக்டர்."

"அப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். வாயில எதுவும் வைக்கல." இரண்டாவது மட்டும் உண்மை.

"வெரி குட். நெறைய பேர் ஸ்பூனைத் திணிச்சுடுவாங்க. நீங்க என்ன பண்றீங்க?"

"பயாலஜி டீச்சர்."

"அதான் பார்த்தேன்," என்று அவர் சிரித்தார். குழந்தை அப்படிக் கிடக்கும்போதும் அந்தப் பாராட்டு எனக்குள் இதமாக இறங்கியது.

"ரெண்டு கையும் வெட்டிச்சா?"

"இடது கைதான் வெட்டிச்சு."

"வலது?"

"இல்ல."

அவர் முகம் மாறியது. காய்ச்சலில் வரும் வலிப்பு பொதுவாக உடம்பு முழுவதும் வரும், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஒரு பக்கம் மட்டும் என்றால் மூளையின் மறுபாதியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அட்மிட் பண்ணி ஸ்கேன் எடுக்கணும்மா. அசையாம இருக்கணும்ல, மயக்க மருந்து குடுப்பாங்க."

வலது கை ஏன் வெட்டவில்லை என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அது என் பிடிக்குள் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் வாய் திறக்கவில்லை. ஸ்கேன் எடுப்பதும் நல்லதுதானே, எதற்கும் பார்த்துவிடலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வயதுகூட ஆகாத என் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதை நான் ஒரு நல்ல யோசனையாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வலது கையைத் தூக்கி, மூடியிருந்த விரல்களைப் பிரித்தார். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு தடம். சாவியின் பற்கள்கூடத் தெரிந்தன. நிமிர்ந்து பார்த்தார். பர்தாவில் நின்றிருந்த அக்காவின் கையில், ஆட்டோவிலிருந்து பொறுக்கிய எங்கள் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நீங்கதான் சாவி குடுத்தீங்களா? அதெல்லாம் குடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நானா?" அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்க வூட்ல நம்பர் பூட்டு டாக்டர். சாவிக்கு நான் எங்க போவேன்? இது இவங்க வூட்டுது, ஆட்டோல கீழ கெடந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். பேச வேண்டியது நான். பேசவில்லை. அக்காவே ஏதாவது சொல்லி இதை ஏற்றுக்கொண்டுவிட மாட்டாரா என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். டாக்டர் மேசைக்குத் திரும்பி ஸ்கேனுக்கு எழுதப் பேனாவை எடுத்தார்.

"நான்தான் டாக்டர்," என்றேன். "நான்தான் குடுத்தேன். வலது கையை இறுக்கிப் பிடிச்சிட்டு இருந்தேன். அது வெட்டிச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. படுக்க வைக்கவும் இல்ல."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இதை மொதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தை விழிப்பதற்காகக் காத்திருந்தார். அவள் சிணுங்கிக்கொண்டே எழுந்ததும், இடது கையின் பலத்தை முதலில் பார்த்துவிட்டு, அதை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வலது கைக்கும் பலம் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பக்கம் தன் சின்ன டார்ச்சை நீட்டினார். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை. பிறகு வலது கை நீண்டு டார்ச்சைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனது. டாக்டர் அதைத் திரும்ப இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.

"பலம் நல்லாத்தான் இருக்கு. இப்போதைக்கு ஸ்கேன் வேணாம். நாளைக்குக் காலை வரைக்கும் இங்கயே வெச்சுப் பார்ப்போம். மறுபடி வந்தா அப்புறம் யோசிக்கலாம்."

வெளியே நாற்காலியில் அக்கா சாவிக்கொத்தை என் கைப்பையில் போட்டார்.

"விடும்மா. பயத்துல யாருக்கு மூள ஓடும்? சாவி கைக்குக் கெடச்சிருந்தா நானும்தான் குடுத்திருப்பேன்." பையை மூடிக்கொண்டே, சிரித்தபடி சொன்னார். "ஆனா டாக்டரு என்னியக் கேட்டப்ப கம்முனு நின்ன பாரு, அதான் பேஜாராயிடுச்சு."

"சாரி அக்கா."

"சாரிய வெச்சு நான் இன்னா பண்றது? போய் டீ வாங்கினு வா. சக்கர தூக்கலா."

டீக்கடையில் நின்றபோது அவர் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பயத்துக்கு மூளையில் ஓர் இடம் உண்டு, அமிக்டலா. யோசனை வருவதற்கு முன்பே அது கையையும் காலையும் ஓட வைத்துவிடும். சாவிக்காக ஓடியதற்கு அதைக் காரணம் காட்டி என்னால் தப்பித்துக்கொள்ள முடியும். டாக்டர் முன்னால் நான் ஓடவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, முடிவெடுப்பதற்கும் பின்விளைவை யோசிப்பதற்குமான பகுதி, நிதானமாக வேலை செய்துதான் அந்தப் பொய்யைச் சொன்னது. அக்காவின் பர்தாவைப் பார்த்து, சாவி கொடுத்தது அவர்தான் என்று டாக்டர் நம்பிவிடுவார் என்று கணக்குப் போட்டதும் அதுதான்.

மறுநாள் காலை வரை மறுபடி வலிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், இரவே வந்து சேர்ந்திருந்த கணவர், "டாக்டர் திட்டினாங்களா?" என்று கேட்டார். சாவி கொடுத்ததைச் சொன்னேன், பொய் சொன்னதையும் சொன்னேன். மகள் என் தோளில் சாய்ந்து, வலது கையால் என் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள். அக்கா என்னைப் பார்த்தபோது நான் பேசாமல் நின்றதை மட்டும் கணவரிடம் சொல்ல முடியவில்லை.