பபூன் உயிரோடுதான் இருக்கிறார்

யுத்தம் தொடங்கியிருந்த சமயம், நான் ஒரு நாடகக் கம்பெனியில் பபூன். எங்கள் சிரிப்பு நாடகத்தில் என் முக்கியமான வேலை செத்துப்போவது. பெண்டாட்டிக்குத் தன்மேல் பாசம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு புருஷன் பிணம்போலப் படுத்துக்கொள்வான். அவளோ அவனைக் கேலி செய்தே ஒப்பாரி பாடுவாள். ஒவ்வொரு அடிக்கும் கொட்டகை சிரித்து உருள வேண்டும், கடைசியில் நான் எழுந்து அவளோடு சண்டைப் பாட்டுப் பாட வேண்டும். ஏற்பாடு அதுதான்.

விழுப்புரத்தில் ஒருவரும் உருளவில்லை. ஆர்மோனியம் ஒப்பாரி மெட்டைத் தொட்டதுமே முன்வரிசைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தங்கள் பங்குக்கு அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒப்பாரி காதில் விழுந்தால் எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. செத்தது யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். ஒரு புண்ணியவதி மேடையேறி என் தலைமாட்டில் விளக்கே ஏற்றிவைத்தாள். நான் எழுந்து பாடியபோது அவள் மயங்கி விழுந்தாள். மற்றவர்கள் என்னைச் சபித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

"திண்டிவனத்துலயும் இப்டி ஆச்சுன்னா வேஷத்த கழட்டிட்டுப் படுதா இழுக்கப் போ" என்றார் முதலாளி.

சிரிக்க வைப்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் அம்மா பேச்சை மீறி வீட்டைவிட்டு வந்திருந்தேன். கூத்தாடப் போனவன் என்று அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். இப்போது படுதா இழுக்கிறவன் என்று எந்த முகத்தோடு போய் நிற்பது?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். திண்டிவனம் முழுக்க மாட்டு வண்டியில் தமுக்கடித்துச் சொல்ல வைத்தேன்: "நாடகத்துல சாவு சீன் இருக்குது. மனசு எளகினவங்க, புள்ளத்தாச்சிங்க வர வேணாம். பபூன் நெசமா சாவல. உசுரோடதான் இருக்காரு."

அன்று சாயங்காலம் ஊரிலுள்ள பிள்ளைத்தாச்சிகள் எல்லாரும் முதல் ஆளாக வந்து பாய் விரித்து இடம் பிடித்தார்கள்.

எங்கள் ஊர் பக்கத்திலேயேதான். சந்தைக்கு வந்து போன ஒருவர், தமுக்குக்காரன் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா யோசித்தாளாம். நன்றாக இருக்கிறவனை உயிரோடு இருக்கிறான் என்று யாராவது தமுக்கடிப்பார்களா? உடனே என் அத்தைகளைக் கூட்டிக்கொண்டு, வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொட்டகைக்குள் அவள் நுழைந்தபோது நான் பாடையில் கிடந்தேன்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஜனம் சிரித்தது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் ஆர்மோனியத்தை அமுக்கிக்கொண்டு மேடையை நோக்கி வந்தது.

"களி போட்டா மறுபேச்சுப் பேசாத கண்ணே!"

என் அம்மாவேதான். களியைப் பார்த்தாலே நான் ஊரைக் கூட்டுவேன்.

"மல்லாட்டக் கொல்லையக் காத்து நின்ன ராசாவே!"

அந்தக் கொல்லையில் வேர்க்கடலையைப் பிடுங்கித் தின்றதற்காக விளக்குமாற்றால் அடித்தவளும் அவளேதான்.

"ஊர சிரிக்க வச்ச வாயி மூடிக் கெடக்குதே, அந்தச் சிரிப்ப நான் எங்க போயித் தேடுவேன்!"

இது எனக்குப் புதிது. பெண்டாட்டி வேஷக்காரி "எழுந்திருப்பா, பேஜாரா போச்சு" என்று என் காலைக் கிள்ளினாள். நான் அசையவில்லை. உயிரோடு இருக்கிறவனிடம் இதையெல்லாம் யார் சொல்லப் போகிறார்கள்? இன்னும் ஓர் அடி கேட்க ஆசையாக இருந்தது. ஆனால் கண் சொன்னபடி கேட்கவில்லை. பவுடர் பூசிய கன்னத்தில் தண்ணீர் கோடு போட்டது.

"பொணம் அழுவுதுடோய்" என்றான் முன்னாலிருந்த ஒருவன். கொட்டகையே உருண்டது.

அம்மா மேடையேறி என்னைக் குனிந்து பார்த்தாள். விட்டாள் ஓர் அறை.

"ஏன்டா பேமானி, உசுர வச்சிக்கினு படுத்துக்கினா கேக்கற?"

பிள்ளைத்தாச்சிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி ஓடிவந்து, விழுப்புரத்துக்கும் வர முடியுமா என்று அம்மாவிடம் பவ்யமாகக் கேட்டார். அவருக்கும் வசவு கிடைத்தது.

பபூன் வேஷம் என்னிடமே இருந்துவிட்டது. அம்மாவும் அன்றிலிருந்து என்னோடு பேச ஆரம்பித்தாள், எல்லாம் திட்டுத்தான். மறுநாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த மூன்றாவது அடியை மட்டும் இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கேட்டேன்.

"அதுக்கு நீ சாவணும்" என்று சொல்லிவிட்டு, அம்மா தட்டில் களியைப் போட்டாள்.

மறுபேச்சுப் பேசாமல் தின்றேன்.