பின் சக்கரத்துக்கு ஒரு டயர்

போன சனிக்கிழமை சைக்கிளுக்கு டயர் வாங்கப் போனேன். டயர் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் போன சூசை வேறு, வந்த சூசை வேறு.

ரங்கூனில் குளிர்காலம் தொடங்கிவிட்டது. 'உங்கள் ஊரில் என்னய்யா பெரிய குளிர்?' என்று வெளியூர் வாசகர்கள் சிரிக்கலாம். விடியற்காலையில் எங்கள் தாகேதாவிலிருந்து புறப்பட்டு ஓடைப் பாலத்தில் ஏறிப் பாருங்கள். எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் முதலில் வரும், பஸ் பிறகுதான் பனியிலிருந்து வெளிப்படும். பாலத்து இரும்புத் தகடுகளெல்லாம் ஈரம். தேய்ந்த டயர் என்றால் தொலைந்தீர்கள்.

இது ஒரு தொல்லை. இன்னொன்று ஆணி. மே மாதப் புயலில் எங்கள் பக்கத்துத் தகரக் கூரைகள் பறந்தன அல்லவா? தகரத்தையெல்லாம் தேடி எடுத்துவந்து மறுபடி அடித்துவிட்டோம். ஆணியை யார் தேடினார்கள்? அது இன்னும் தெருவிலேயேதான் கிடக்கிறது.

பழைய டயரை நீளமாக வெட்டி, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் மெத்தை மாதிரி கொடுத்துப் பார்த்தேன். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். ஆணி அதையும் துளைத்துக்கொண்டு வந்தது.

நான் மட்டும் போவதென்றால் இத்தனை கவலை இல்லை. பின்னால் கேரியரில் என் மகள் ஸ்டெல்லா உட்கார்ந்து வருவாள். நகரத்தின் நடுவே பபேடானில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. பக்கத்துத் தெருவில்தான் என் ஆபீஸ். எங்களுக்கு ஒரே பிள்ளை. போன வாரம் பாலத்து இறக்கத்தில் சைக்கிள் வழுக்கி இருவரும் விழுந்தோம். அவள் முழங்கையில் நல்ல சிராய்ப்பு. ஆனால் எழுந்ததும் என் லுங்கியில் ஒட்டிய மண்ணைத்தான் தட்டிவிட்டாள். ஊரில் கிடைப்பதிலேயே நல்ல டயராகப் போட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சனிக்கிழமை இருவருமாக காசிம் பாய் கடைக்குப் போனோம்.

"வாங்க கோ சூசை! முன்னாடியா, பின்னாடியா?" பர்மிய மொழியில் 'கோ' என்றால் அண்ணன்.

"பின்னாடிக்கு. வழுக்கக் கூடாது, ஆணியும் ஏறக் கூடாது. அப்படி ஒண்ணு குடுங்க."

பாய் சிரித்தார். "வழுக்கக் கூடாதுன்னா ரப்பரு மெத்துன்னு இருக்கணும். ஆணி ஏறக் கூடாதுன்னா கெட்டியா இருக்கணும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா நான் எங்க போவேன்?"

ஆனாலும் உள்ளே போய் இரண்டு டயர்களைக் கொண்டுவந்து போட்டார். ஒன்று சாதாரண டயர். மற்றது தாய்லாந்துச் சரக்கு. ஓரத்தில் ஆழமான வெட்டுகள், நடுவில் கனத்த ரப்பர்.

"இதுதான் நீங்க கேக்குறது. ஆனா மிதிக்கக் கனமா இருக்கும். தனியாப் போறவங்களுக்கு இது வேணாம். பின்னாடி ஆளு உக்காருமா?"

"இதென்ன கேள்வி பாய்? தெனமும் இவதான உக்காருறா!"

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. காசிம் பாயைப் பார்த்து, "கிறிஸ்மஸ் வரைக்கும்தான் ஊலே," என்றாள். இங்கே மாமா முறையில் எல்லாப் பெரியவர்களும் ஊலேதான். "அதுக்கப்புறம் அப்பா தனியாத்தான் போவாங்க. சாதாரணதே போதும்."

"ஏம்மா?" என்று கேட்டது நான் இல்லை, பாய்.

பதிலைப் பர்மிய மொழியில் சொன்னாள். மலேசியா போகிறாளாம். பினாங்கில் வேலை கிடைத்துவிட்டதாம். இரண்டு வருஷமாம்.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளிடம் இது ஒரு வழக்கம். பெரிய விஷயம் எதையும் வீட்டில் வைத்துச் சொல்ல மாட்டார்கள். கல்யாணமோ, நோயோ, பயணமோ... மூன்றாவது மனிதர் ஒருவர் இருக்கும் இடமாகப் பார்த்து, அவரிடம் சொல்வார்கள். அப்பன் கத்த முடியாது பாருங்கள்! நானும் கத்தவில்லை. டயர் கடையில் நின்றுகொண்டு அழவா முடியும்?

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போன யாரும் இரண்டு வருஷத்தில் திரும்பி நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அவளைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. வயதுப் பிள்ளை, கெட்டிக்காரி. இந்த ஊரில் எத்தனை நாள் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பாள்? போகாதே என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு சைக்கிள் கேரியர்தான் இருக்கிறது.

காசிம் பாய் கனத்த டயரை எடுத்து உள்ளே வைக்கப் போனார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இதையே போடுங்க பாய்."

"வேணாம்ப்பா!" என்றாள் ஸ்டெல்லா. "அப்புறம் நீங்க எப்படி மிதிப்பீங்க?"

"அது அப்புறம். கிறிஸ்மஸ் வரைக்கும் நீ இருக்கல்ல?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பாய் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

அருமையான டயர். இந்த வாரம் முழுவதும் பாலத்தில் வழுக்கவே இல்லை. ஆணி ஏறவில்லை. வழியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பேசிக்கொண்டே நடக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. குளிர்காலத்துக்கு டயர் பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஒரே ஒரு குறை... சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.