கிடாய்க்குக் கொழை, அக்காவுக்கு முட்டை

அந்த வெளாட்டு டீச்சரம்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனத எங்க வாசல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மதினி. எனக்கென்ன, நான் பாட்டுக்குப் பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன், காது மட்டும் ஒங்க வீட்டுப் பக்கம் இருந்துச்சு. பேத்தியத் தேனிக்கு ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டீகளாமே? வயசுக்கு வந்த புள்ள கால்ச்சட்டையப் போட்டுக்கிட்டு ஓடுனா நாலு பேரு என்ன பேசுவாகன்னு கேட்டீகளாம். அந்த நாலு பேருல ஒருத்தி நான்தான மதினி, என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

சரி சரி, மொறைக்காதீக. ஒங்க வீட்டுப் புள்ள, ஒங்க இஷ்டம். பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிளு சுவத்துல சாஞ்சு தூசி புடிச்சுக் கெடக்கு, புள்ள டிவிக்கு முன்னாடி ஒக்காந்து பச்ச முட்டையும் நல்லெண்ணையுமா முழுங்குது. அதப் பாத்ததும் எனக்கு ஒரு பழைய பயம் எந்திரிச்சு ஒக்காந்துருச்சு. கூடவே சிரிப்பும் வந்துருச்சு. அதச் சொல்லாட்டி இன்னிக்கி எனக்குச் சோறு எறங்காது. அந்த வெத்தலத் தட்ட இங்கிட்டுத் தள்ளுங்க.

எனக்கு அப்பப் பல்லு விழுந்து மொளைக்கிற வயசு. கோம்பையில மலையடிவாரத்துல எங்க அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு. அக்கா எனக்கு ரொம்ப மூத்தவ. தெனமும் அவதான் காட்டுக்குக் கஞ்சி கொண்டு போவா. கூழுச் சட்டியத் தலையில வச்சு, ரெண்டு கையையும் விட்டுட்டு, வரப்பு மேல ஓடுவா பாருங்க, ஒரு சொட்டுச் சிந்தாது. எங்க வீட்டுல ஒரு நாயி இருந்துச்சு, செவல ஒடம்பு, கறுத்த மூஞ்சி. கோம்ப நாயின்னா பன்னிய வெரட்டுற சாதின்னு பெருமையாச் சொல்வாகல்ல, அந்த நாயே பாதி வழியில நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடைக்குள்ள படுத்துரும். அக்கா நிக்க மாட்டா. நான் பின்னாடியே அழுதுக்கிட்டு ஓடுவேன்.

தின்னதெல்லாம் என்ன? கம்பங்கூழு, சோளச்சோறு, காட்டுல பறிச்ச கீர. போற வழியில எலந்தப்பழம், கொடுக்காப்புளி. நெல்லுச்சோறு நல்ல நாளு பெரிய நாளுக்குத்தான். அந்தத் தீனிக்கு அக்கா கறுத்த குச்சி மாதிரி இருப்பா, ஆனா சோள மூட்டைய ஒத்தக் கையில பொரட்டிப் போடுவா. இப்ப எல்லாரும் ரேசன் அரிசியப் பொங்கித் தின்னுட்டு, சர்க்கர வந்துருச்சுன்னு விடியக்காலம் ரோட்டுல வெறும் கைய வீசிக்கிட்டு நடக்குறாக. எங்க காலத்துல சும்மா நடந்தா என்னத்தத் தொலைச்சன்னு கேப்பாக. எங்கனயோ போயிட்டேன் பாருங்க. கேளுங்க.

ஒருநா அக்கா கஞ்சி கொண்டு போகல. வீட்டு வாசல்ல பொம்பளைக கூட்டமா நின்னு குலவ போடுறாக. எங்க அத்த, அப்பாவோட தங்கச்சி, வீட்டுக்கு அவ வச்சதுதான் சட்டம், என்னைய வாசல்லயே மறிச்சுட்டா. "அக்காவத் தொடாத, போ அங்கிட்டு!" ஏன்னு கேட்டா ஒருத்தரும் சொல்லல. பொழுது சாயிறதுக்குள்ள எங்க தாய்மாமன் வந்து எறங்குனாரு. ஒரு தோள்ல பச்சத் தென்னங்கீத்து, மறு கையில கயித்தோட ஒரு கறுப்புக் கிடா.

கீத்த வச்சு முத்தத்துல ஒரு மூலையில குச்சு கட்டுனாரு. அக்காவ உள்ள ஒக்கார வச்சாக. அடுத்த மூலையில மொளக்குச்சிய அடிச்சு கிடாயக் கட்டுனாரு. ரெண்டுக்கும் நடுவுல நானு.

மறுநாள்ல இருந்து அத்தைக்கு இதே வேல. காலையில அக்காவுக்குப் பச்ச முட்ட, மேல நல்லெண்ண. மத்தியானம் உளுந்தங்களி, உள்ளங்கையளவு கருப்பட்டி. கிடாய்க்கு அகத்திக் கொழ, ஊறவச்ச புண்ணாக்கு. அக்கா லேசாக் காலை வெளிய நீட்டுனாப் போதும், "எந்திரிக்காதடி, ஓடியாடுனா தின்னதெல்லாம் கரைஞ்சு போகும்"பா. நான் கிடாய அவுத்து முத்தத்தச் சுத்திக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். "வேணாம்டி, ஓடவிட்டா கறியெல்லாம் கரைஞ்சு போகும்"னா. வர்ற பொம்பளைக மொதல்ல குச்சுக்குள்ள எட்டிப் பாத்து, "தேறி வாராளே"ம்பாக. அப்பிடியே திரும்பி கிடா முதுகத் தடவிப் பாத்து, "இதுவும் தேறிருச்சே"ம்பாக.

எனக்குக் கொல நடுங்கிப் போச்சு மதினி.

கிடா எதுக்கு வந்துருக்குன்னு எனக்குத் தெரியும். கோயில் கொடைக்குக் கொடை வெட்டுறதப் பாத்துருக்கேன்ல. ஆனா அக்கா எதுக்கு? மாமன்கிட்டப் போயி, "மாமா, அக்காவ எப்ப அவுத்து விடுவீக?"ன்னேன். அவரு ஒரு கேலிக்காரரு. மீசையத் தடவிக்கிட்டு, "சடங்கு அன்னிக்கி ரெண்டையும் சேத்து அவுத்துருவோம். நீ ஏன் கவலப்படுற மருமகளே, ஒனக்கும் ஒருநாளு இதே மாதிரி குச்சு கட்டுறேன்"னாரு. சொல்லிட்டு என் கன்னத்தக் கிள்ளுனாரு. பிரியமாத்தான். ஆனா கசாப்புக்காரரு கிடாயோட தொடைய அமுக்கிப் பாப்பாருல்ல, எனக்கு அதுதான் நெனப்பு.

அன்னையில இருந்து நான் நல்ல சோத்தக் கையில தொடல. சீரு கொண்டு வாரவுக வீட்டுல உள்ள சின்னதுகளுக்கும்னு அதிரசம், பணியாரம், வாழப்பழம்னு குடுப்பாக. அம்புட்டையும் பாவாடையில மறைச்சுக்கிட்டுப் போயி நாய்க்குப் போட்டுருவேன். தேறிரக் கூடாதுல்ல! கரையணும்னு ஓடைக்கும் வீட்டுக்குமா ஓடுவேன், மூச்சு வாங்கி நெஞ்சு வலிக்கும், மறுபடி ஓடுவேன். கன்னம் ஒட்டிப் போச்சான்னு தண்ணித் தொட்டியில குனிஞ்சு பாப்பேன். எங்க அம்மா பயந்துட்டா. சின்னவ எளைச்சுப் போறாளே, கண்ணு பட்டுருச்சுன்னு மொளகாயச் சுத்தி அடுப்புல போட்டா. நாயி மட்டும் நல்லாத் தேறிருச்சு. அத எங்கிட்டுக் கொண்டு போயி வெட்டுவாகளோன்னு அது ஒரு தனிக் கவல எனக்கு.

ஒருநா மத்தியானம் அத்த கண்ணசந்த நேரம் பாத்து குச்சுக்குப் பின்னாடி போயிக் கீத்த விலக்குனேன். அக்கா முழங்காலக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருந்தா. மூஞ்சி மஞ்சளா, வழுவழுன்னு, வேற யாரோ மாதிரி இருந்துச்சு.

"அக்கா, முட்டையத் திங்காத."

"திங்காட்டி அத்த தொடையத் திருகுமே."

"வாயில வச்சுக்க, நான் வந்து வாங்கி நாய்க்குப் போட்டுர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்பறம், "காலு மரத்துப் போச்சுடி, கொஞ்சம் அமுக்கி விடு"ன்னு நீட்டுனா. தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காகள்ல, நான் பயந்துக்கிட்டே ஒரு வெரலால அமுக்குனேன்.

"இப்பிடியே ஓடிருவோமாக்கா? நான் கீத்தத் தூக்கிப் புடிச்சுக்கிறேன்."

"எங்கிட்டுடி ஓட?"ன்னா.

கேலி பண்ணல மதினி, நெசமாவே கேட்டா. எனக்கு ஓடையும் காடும் மட்டுந்தான் தெரியும், அங்கன போனா அப்பா இருப்பாரு. அப்பாவும் இந்தக் கூட்டுதான. அத்த தொண்டையச் செருமுற சத்தம் கேட்டுச்சு, கீத்த விட்டுட்டு ஓடிட்டேன்.

சடங்கு நாளு வந்துருச்சு. விடிஞ்சதும் கிடாயக் குளிப்பாட்டி, கழுத்துல மால போட்டு, சாமிக்குன்னு முத்தத்து நடுவுல நிப்பாட்டுனாக. ஒங்களுக்குத் தெரியாததா, மஞ்சத் தண்ணி ஊத்துனா கிடா ஒடம்பச் சிலுப்பணும். சிலுப்புனாத்தான் சாமிக்குச் சம்மதம். அதுவரைக்கும் வெட்ட மாட்டாக. எங்க கிடா நிக்கிது நிக்கிது, அசையவே இல்ல. மறுபடி ஊத்துறாக. மாமன் கையெடுத்துக் கும்புட்டு, "ஏதும் கொற இருந்தாப் பொறுத்துக்க சாமி"ங்குறாரு. நான் தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, சிலுப்பாத சிலுப்பாதன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தேன். அத்த வந்து சொம்புத் தண்ணியக் காதுக்குள்ள ஊத்துனா பாருங்க. கிடா தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரே சிலுப்பு! கொல்லப்பக்கம் இழுத்துட்டுப் போயிட்டாக.

அந்த ஈரம் காயல. அதே முத்தத்துல மணையப் போட்டு அக்காவக் கூட்டியாந்து ஒக்கார வச்சாக. கழுத்துல மால. மாமன் போட்ட மால. அத்த கையில அதே பித்தளச் சொம்பு. அதே மஞ்சத் தண்ணி.

பாவாடையோட ஒண்ணுக்குப் போயிட்டேன் மதினி, சிரிங்க, நல்லாச் சிரிங்க. அத்த சொம்பத் தூக்குறா, தண்ணி அக்கா உச்சந்தலையில விழுகுது, அவளுக்குக் குளுருல தோளு லேசா நடுங்குது. நான் பொம்பளைகளுக்கு நடுவுல பாஞ்சு, "சிலுப்பாத அக்கா! ஆத்தா, தலைய ஆட்டிராதக்கா!"ன்னு கத்திக்கிட்டுப் போயி அவ மடியில விழுந்துட்டேன்.

மேளக்காரரே அடிக்கிறத நிப்பாட்டிட்டாரு. அப்பறம் வெடிச்சாக பாருங்க சிரிப்பு! ஒரு கெழவி சிரிச்சுச் சிரிச்சு வெத்தலய முழுங்கிட்டா. "அடி கூறுகெட்டவளே, ஒங்க அக்காவ என்ன, கொழம்பா வைக்கப் போறோம்?"னு அத்த என் தலையில குட்டுனா. மாமன், "இவளுக்குக் குச்சு கட்டயில கதவுக்குப் பூட்டும் போடணும்டோய்"ங்குறாரு.

அக்கா சிரிக்கல. தண்ணி இமையில சொட்டுது, தொடைக்கல. நான் சொன்னதக் கேட்டு இம்மிகூட அசையாம ஒக்காந்துருந்தா. ஆனா மாலைக்குக் கீழ என் கையப் புடிச்சா மதினி. புது வளவி நொறுங்கிப் போச்சு, அப்பிடிப் புடிச்சா. இழுத்துப் பாக்குறேன், விட மாட்டேங்குறா. அவளும் கிடா மாதிரியே பயந்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

மத்தியானம் பந்தியில கறிச்சோறு போட்டாக. அக்கா பக்கத்துல முழுசா ஒக்காந்துருக்கா, கழுத்து அப்பிடியே இருக்கு. அந்தச் சந்தோசத்துல பட்டினி கெடந்ததுக்கெல்லாம் சேத்து வாங்கி வாங்கித் தின்னேன். அம்மா இன்னொரு தடவ மொளகாயச் சுத்திப் போட்டா.

மறுநா விடிஞ்சதும் அக்காவ எழுப்புனேன். "வா, எல்லாம் முடிஞ்சு போச்சுல்ல, அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போவோம்." அவ எந்திரிச்சா. கூழுச் சட்டியத் தூக்கிச் சும்மாடு வச்சு என் தலையில ஏத்துனா. "பாத்துப் போ, சிந்தாம"ன்னா. அம்புட்டுத்தான்.

தீனியக் கொற சொல்லல மதினி, நல்ல தீனிதான். நாளைக்குப் புள்ள பெறுற இடுப்புக்குத் தெம்பு வேணும்னு அத்த பாத்துப் பாத்துத்தான் குடுத்தா. அதுக்கப்பறமும் முட்ட, களி எதுவும் நிக்கல. வாசப்படி தாண்டுறதுதான் நின்னு போச்சு. நான் வந்ததும் கேப்பா, எலந்த பழுத்துருச்சா, இன்னிக்கி நாயி ஒன்னைய முந்துச்சான்னு. முட்டையத் தின்னு தின்னுச் சோம்பேறி ஆயிட்டா, இருந்த எடத்துல இருந்தே எல்லாத்தையும் கேக்குறான்னு எனக்குக் கோவங்கூட வரும்.

அப்பறம் ஒரு பழக்கம் வந்துச்சு அவளுக்கு. வீட்டுக்குள்ளயே இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் நடப்பா. திரும்புவா, மறுபடி நடப்பா. வெரசா, பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு. "என்னக்கா தொலைச்ச?"ன்னு கேப்பேன். ஒண்ணுமில்லம்பா. சொல்ல வெக்கப்படுறான்னு நெனச்சுக்கிட்டு நானும் கூடவே குனிஞ்சு பானைக்கு அடியில, ஒரலுக்குப் பின்னாடி, குதிருக்கு இடுக்குலயெல்லாம் கைய விட்டுத் தேடுவேன். கெடைக்கவே இல்ல. அவளுக்கு மாப்ள பாத்துக் கட்டிக் குடுத்து அனுப்புற வரைக்கும் தேடியிருக்கேன், அது என்னன்னே தெரியாம...

ஏ மதினி, இந்தா ஒரு கருகுன வாட வருதே, ஒங்க வீடா எங்க வீடா? அய்யய்யோ, கருவாட்டுக் கொழம்ப அடுப்புல வச்சுட்டுல்ல வந்து ஒக்காந்துருக்கேன்! தள்ளுங்க, தள்ளுங்க, சட்டி போச்சு!