எந்த யானையை எடுப்பது

வரஸ்தாத்தைப் பற்றி ஆர்மீனியாவில் இருக்கும் எங்கள் கியூம்ரி நகரத்தில் யாரைக் கேட்டாலும் யானைகளில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். காலுறை ஆலையில் பின்னல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். சதுரங்கத்தில் யானைகளை எப்போது, எப்படி வெளியே கொண்டு வருவது என்று ஊருக்கே பாடம் எடுப்பது அவன் வியாதி. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

"முதல்ல குதிரை, மந்திரி. அப்புறம் கோட்டை கட்டி ராஜாவை ஓரமா உக்கார வை. ராணியையும் நகத்திட்டா ரெண்டு யானையும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும். அப்பதான் யானைக்கு நேரம் வந்திருக்குன்னு அர்த்தம். சிப்பாய் இல்லாத வரிசையா பாத்து அங்க கொண்டுபோய் நிறுத்து. ஆனா எந்த யானையை? அங்கதான்டா எல்லாரும் கோட்டை விடறீங்க."

ஒரு யானை கிளம்பினால் அதுவரை அது காத்துவந்த சிப்பாய் தனியாக நிற்கும். எது வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் கை நீள வேண்டும் என்பான். தவறான யானையை எடுத்தவனை ஒரு வாரமாவது ஓட்டுவான். நானே இரண்டு முறை அவன் வாயில் விழுந்திருக்கிறேன்.

அந்த மார்ச் மாதம் நகர அணிப் போட்டியின் கடைசிச் சுற்று. எங்கள் ஆலையும் ரயில் நிலைய அணியும் மோதின. ஜெயிக்கும் அணி அடுத்த கட்டத்துக்குத் தலைநகர் யெரெவானுக்குப் போகும். முதல் பலகையில் வரஸ்தாத்தும் மக்கிதாரும். பக்கத்துப் பலகையில் நான். மக்கிதார் ரயில் பெட்டிகளின் பிரேக்கைச் சோதிக்கிறவன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வரஸ்தாத்தும் அவனும் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள்.

ஆட்டத்தில் நடு வரிசை திறந்தது. வரஸ்தாத்தின் கை நீண்டு, ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற யானையைப் பிடித்து லேசாகத் தூக்கியது. அப்போதுதான் குறுக்கே குறிபார்த்து நின்ற கறுப்பு மந்திரி அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அந்த யானை நகர்ந்தால் ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாய் போய்விடும், பின்னாலேயே ஆட்டமும் போய்விடும். யானையை அப்படியே வைத்துவிட்டு, மூலையில் இருந்த மற்ற யானையை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினான். நான் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்த்தேன்.

"வரஸ்தாத் ஜான், நீ அந்த யானையைத் தொட்டுட்ட. தொட்ட காயைத்தான ஆடணும்" என்றான் மக்கிதார். 'ஜான்' என்பது எங்கள் ஊரில் பிரியமாகக் கூப்பிடும் சொல்.

"நானா? தொடலையே."

நடுவர் ஷுஷானிக் வந்தாள். இருவரையும் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியா?"

"நான் என் பலகையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

மக்கிதார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி. அவன் தொடலைன்னு சொன்னா தொடலைதான். ஆடுவோம்" என்றான். தோற்றான். நாங்கள் யெரெவானுக்குப் போனோம், அங்கே முதல் சுற்றிலேயே உதை வாங்கித் திரும்பினோம்.

யெரெவானுக்காக வரஸ்தாத் பொய் சொல்லவில்லை. ஊருக்கே பாடம் எடுத்தவன், தவறான யானையில் கை வைத்ததை எல்லார் முன்னாலும் எப்படி ஒப்புக்கொள்வான்? அந்த வீம்புதான். எனக்கோ அந்த வீம்புகூடக் கிடையாது. அணி ஜெயித்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கிண்டல் சிக்கினால் அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் விடுவார்கள். மக்கிதார் சதுரங்க மன்றத்துக்குள் நுழைந்தாலே, "எல்லாரும் கையைப் பைக்குள்ள போடுங்கப்பா, போலீஸ் வருது" என்பான் ஒருவன். "மூச்சு விட்டாக்கூடக் காயைத் தொட்டுட்டன்னு சொல்லுவான்" என்பான் இன்னொருவன். தோற்கப் போகும்போது பொய்ப் புகார் சொல்பவன் என்று அவனுக்குப் பேர் விழுந்தது. இரண்டு மாதம் பொறுத்தான். பிறகு வருவதை நிறுத்திவிட்டான்.

வரஸ்தாத் யானைகளைப் பற்றிப் பேசுவதை விட்டான். ஆட்டத்தில்கூட அவற்றைத் தொடக் கூசினான். முப்பது நகர்த்தல் தாண்டியும் இரண்டு யானைகளும் மூலையிலேயே கிடக்கும். நேற்று ஆடக் கற்றவனெல்லாம் அவனை அடித்துவிட்டுப் போனான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், வரஸ்தாத் இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு மக்கிதாரின் வீட்டுக்குப் போனான். அங்கே நடந்ததை அவனே என்னிடம் சொன்னான். காபி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு நான் தொட்டேன்டா" என்றிருக்கிறான்.

"தெரியும். எதிர்ல உக்காந்திருந்தவன் நான்தான?"

"என்னை மன்னிச்சிடு."

"எனக்குப் பொய்க்காரன்னு பேர் வெச்சது இந்தச் சமையலறையில இல்ல வரஸ்தாத். மன்றத்துல. இங்க வந்து சொல்லிட்டுப் போனா எனக்கு என்ன ஆகப்போவுது?"

ரொட்டிப் பொட்டலத்தை மக்கிதார் பிரிக்கவே இல்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. வரஸ்தாத் எழுந்து நின்றான். காதுகள் சிவந்திருந்தன. "ரயில் நிலையத்தோட ஆடின அன்னைக்கு நான் ராஜா பக்கத்து யானையைத் தொட்டேன். மக்கிதார் சொன்னது நெசம். நான் சொன்னதுதான் பொய்."

"நீயா? தப்பான யானையையா எடுத்த?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"ஆமா. நானேதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மக்கிதார் கதவோரம் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஷுஷானிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நீ பக்கத்துலதான இருந்த. நீயும் பாக்கலையா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வரஸ்தாத் இன்னும் நின்றுகொண்டிருந்தான். 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு சொல் போதும். அவன் அவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு, என் பங்கு அவ்வளவுதான் மிச்சம்.

"நான் என் பலகையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

மக்கிதார் உள்ளே வந்து வரஸ்தாத்தின் எதிரே உட்கார்ந்து காய்களை அடுக்க ஆரம்பித்தான். என் எதிரே இருந்த நாற்காலி அன்று சாயங்காலம் வரை காலியாகவே இருந்தது.