முதல் வரி ஜி.எம்.முக்கு

போன வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு ஸ்விட்ச்சுக்கு சீனியாரிட்டி கற்றுக்கொடுக்கப் பார்த்தோம். ஸ்விட்ச் என்றால் ஃபேன் ஸ்விட்ச் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒயர் போட்டு இணைக்கிற பெட்டி. வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தருகே கப்பல் சரக்குக்குப் பேப்பர் தயார் செய்யும் கம்பெனி எங்களுடையது. அந்தப் பெட்டியை மேய்ப்பது என் பிழைப்பு.

கிரிக்கெட் சீசன். ஆபீஸ் மொத்தமும் இண்டர்நெட்டில் ஸ்கோர் பார்க்கிறது. ஜி.எம். வெங்கடேசன் சாருக்குப் பொறுக்கவில்லை. மதுரைக்காரர். எல்லோரிடமும் இங்கிலீஷ் – திட்டுவதற்கு மட்டும் தமிழ். அந்த பாக்கியம் எனக்கு ஒருவனுக்குத்தான்.

இனி யாருக்கும் இண்டர்நெட் கிடையாது. அவருக்கும், மெயில் அனுப்பியே ஆகவேண்டிய சிலருக்கும் மட்டும் விலக்கு என்றார். செய்யலாம். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று ஸ்விட்ச்சுக்குள் வரி வரியாக எழுதவேண்டும். அது மேலிருந்து படித்துக்கொண்டு வரும். பொருந்துகிற முதல் வரியிலேயே முடிவெடுத்துவிடும். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே விலக்குகள் மேலே, ‘யாருக்கும் கிடையாது’ கடைசியில்.

இதைச் சொன்னதும் சார் முகம் மாறிவிட்டது.

“யாருக்கும் கிடையாதுங்கிறது யார் போட்ட ஆர்டர்?”

“நீங்க போட்டதுதான் சார்.”

“அது கிளார்க்குக பேருக்கெல்லாம் அடியில கிடக்கணுமாக்கும்? முதல் வரில போடுய்யா.”

எவ்வளவோ மன்றாடினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போட்டேன். விலக்குகளைக் கீழே எழுதினேன் – அதையும் பதவி வரிசைப்படி! நம் ஆபீஸ்களில் வேலை நின்றால் பரவாயில்லை, வரிசை மாறக்கூடாது.

என்டர் தட்டினேன். மொத்த ஆபீஸும் அவுட்.

முதலில் ஓடிவந்தவர் டாக்குமெண்ட் செக்‌ஷன் சுக்லா தீதி; இங்கே அக்காவைத் தீதி என்பார்கள். ஒரு கண்டெய்னரின் பேப்பர்கள் உடனே கப்பல் ஏஜெண்டுக்கு மெயிலில் போகவேண்டும். ஆற்றில் நீர் ஏறும்போதுதான் கப்பல் நிற்கும் டாக்கின் கதவு திறக்கும், கப்பல் கிளம்பிவிடும். பேப்பர் போகாவிட்டால் சரக்கு கரையில். ஃபேக்ஸ் மெஷினோ வழக்கம்போல ரிப்பேர். மெமோ யாருக்கு வரும்? ஜி.எம்.முக்கா? தீதிக்குத்தான். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது.

சார் ரூமுக்கு ஓடினேன். அவர் ஸ்க்ரீனிலும் ஸ்கோர் பாதியில் நின்றிருந்தது. மறுபடி டெக்னிக்கலாக விளக்கினால் விடிந்துவிடும். வேறு வழியில் போனேன்.

“சார், பூஜா ஃபங்ஷன்ல சீஃப் கெஸ்ட் எப்ப பேசுவார்?”

“கடைசியிலதான். ஏன்?”

“முதல்லயே பேசவிட்டா என்ன சார்?”

“அவர் பேசி முடிச்சப்புறம் எவன்யா பேசுவான்? ஃபங்ஷனே முடிஞ்சிரும்.”

“உங்க ஆர்டரும் அப்படித்தான் சார்.”

சார் முகத்தில் மெல்ல ஒரு பிரகாசம். ஆர்டரைக் கடைசிக்கே கொண்டுபோகச் சொன்னார். அவசரத்தில் பதவி வரிசையாவது ஒன்றாவது – தீதியின் வரியை முதலில் போட்டேன். மெயில் பறந்தது. கண்டெய்னரும் கப்பலேறியது.

சாயங்காலம் சார் கூப்பிட்டார்.

“ஆமா, இப்ப முதல் வரில யாரு?”

“சுக்லா தீதி சார்.”

“இருக்கட்டும், இருக்கட்டும்... வரவேற்புரை யாராவது வாசிச்சுத்தானே ஆகணும்.”