பேபி அக்காவின் கையில் மைக்

பேபி அக்கா வாயைத் திறந்தால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போன பஸ் ரிவர்ஸில் வந்து நிற்கும். செம்பரம்பாக்கம் ஏரி மீனெல்லாம் கரையோரம் தலையைத் தூக்கி, 'ஆமா, ஆமா' என்று ஆட்டும். மழைகூட, அக்கா பேசி முடிக்கட்டும் என்று மேலேயே நின்றுகொண்டிருக்கும். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இந்த விழா மலரைக் கிழித்து வடை மடிக்கலாம்.

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் 'சரளம்: பொருள் எழுதுக' என்று கேட்டிருந்தார்கள். 'பேபி அக்கா' என்று எழுதினேன். முட்டை போட்டுவிட்டார் தமிழய்யா. சரளம் என்றால் தங்குதடை இல்லாமல் ஓடுகிற பேச்சு, நாவன்மை என்றும் சொல்லலாம், சொல்வன்மை என்றும் சொல்லலாம் என்று பிறகு விளக்கினார். நானும் அதைத்தானே எழுதினேன்? விலாசத்தோடு எழுதினேன், அவ்வளவுதான்.

எங்கள் காட்டுப்பாக்கம் தெருவில் அதே பேச்சுக்கு வேறு அகராதி. உதார், பீலா, லொடலொட, வாய் நீளம், வாயாடி. ஓர் ஆம்பளை அரைமணி நேரம் விடாமல் பேசினால், "இன்னா பேச்சு மாமே!" என்பார்கள். அக்கா பேசினால் வாயாடி. ஓடுகிற தண்ணீர் ஒன்றுதான், ஆள் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்.

அக்காவின் தொழில், பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது. கூடையைத் தலையில் வைத்தால் குமணன்சாவடி வரை நடப்பாள். "எம்மா, இந்த பேன்ட்டுல முட்டியாண்ட ஓட்டை கீது, நீ ஒத்துக்க. இந்தக் கிண்ணத்துல ஓட்டை இல்ல, நான் ஒத்துக்கிறேன். இப்ப யாருக்கு லாபம்?" என்பாள். எதிரில் நிற்கிற அம்மா யோசிப்பதற்கு முன்னால் இன்னொரு பேன்ட் எடுக்க உள்ளே போயிருப்பாள். அக்கா புருஷன் வேம்புலி அண்ணனுக்கு ஆவடிப் பக்கம் கம்பெனி வேலை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவர் பேசிய ஒரே சொல் "உம்". மீதிக்கு இடம் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது மைக் பிடிக்க வேண்டும். வருடா வருடம் விழாக்குழுத் தலைவர் கோதண்டம் மாமாவிடம் கேட்பாள். போன வருடம், தொண்ணூற்று ஒன்றிலும், விழா அன்று காலையில் கேட்டாள்.

"பொம்பள மைக் புடிச்சா பாக்குறவன் இன்னா நெனப்பான்? வாயாடி, வாயாடி! போ, போயி வெங்காயம் உரி."

"உரிச்சிகினே பேசுறேன் மாமா. கண்ணுல தண்ணி வரும். பக்தி ஜாஸ்தின்னு நெனச்சிக்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். போகும்போது, மைக்கின் தலையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் தெரு மைக்கில் ஒரு சிக்கல் உண்டு. கரகம் ஒவ்வொரு வாசலிலும் நின்று, மஞ்சள் தண்ணீர் வாங்கிக்கொண்டு வரும். அது கோயிலுக்கு வந்து சேரும்வரை கூழ் அண்டாவைத் திறக்கக் கூடாது. அதுவரை மைக்கில் நாகேந்திரன் அண்ணன் பேசிக்கொண்டே இருப்பார். அவர் மைக்கை வைத்தால் முதல் சொம்பு கூழ் வாங்கத்தான் வைப்பார். இதைப் பார்த்துப் பார்த்து ஜனம் பழகிவிட்டது. மைக் நின்றதா, கூழ் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். முந்தின வருடம் அவர் இருமுவதற்காக நிறுத்தினார். மொத்தக் கூட்டமும் பாய்ந்து, ஓர் அண்டா கவிழ்ந்து, தெருவே கூழ் குடித்தது.

போன வருட விழா அன்றைக்குக் கரகம் இன்னும் அடுத்த தெருவில் இருந்தது. யாரோ வந்து நாகேந்திரன் அண்ணன் காதில், "உங்க மாமியாரு குமணன்சாவடி பஸ் ஸ்டாப்புல மூட்டையோட நிக்கிறாங்க" என்று சொன்னார்களாம். அண்ணனுக்கு அம்மனைவிட மாமியாரிடம் பயம் அதிகம். மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுச் சைக்கிளில் பறந்தார்.

மைக் நின்றது. ஜனம் எழுந்தது. குண்டானும் தூக்குவாளியும் தலைக்கு மேலே போயின. கோதண்டம் மாமா ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"அ... அன்பார்ந்த... பக்த..."

அதற்கு மேல் வரவில்லை. தடுப்புக் கயிறு வில்லாக வளைந்தது. வெங்காயக் கையோடு வந்த பேபி அக்கா, அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவர் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

"தோ, மஞ்ச சட்ட நைனா! குண்டானைத் தலையில கவுத்துகினு நிக்கிறியே, கூழ் இன்னா கீழருந்து மேல ஊத்துமா? உக்காரு. பச்சப் பொடவ, உன் புள்ள பக்கத்து ஊட்டுக்காரி இடுப்புல கீது, கூழ் வாங்கிகினு புள்ளைய வுட்டுட்டுப் பூடாத. அண்ணாத்தே, அண்டா எங்கியும் ஓடாது, அதுக்குக் கால் இல்ல. ஆத்தா அடுத்த தெருவுல வந்துகினு கீறா. ஊட்டுக்கு விருந்தாளி வரசொல்ல நாம முன்னாடியே துன்னுட்டு ஏப்பம் வுட்டுகினு நின்னா நல்லாவா இருக்கும்?"

சிரிப்பு முன்வரிசையில் கிளம்பிக் கடைசிவரை போனது. சிரித்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களை எழ விடாமல், கரகம் தெருமுனை திரும்பும்வரை அக்கா பேசினாள். சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. மூச்சு எப்போது விட்டாள் என்று அம்மனுக்குத்தான் தெரியும். பம்பைச் சத்தம் கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "வந்துட்டா எங்காத்தா, எழுந்து வழி வுடுங்க" என்றாள். அத்தனை பேரும் எழுந்தார்கள். வழி தானாகப் பிறந்தது. ஒரு கரண்டி கூழ்கூடச் சிந்தவில்லை.

"இன்னா நாவன்மை, இன்னா நாவன்மை!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார் காலையில் வாயாடி என்ற கோதண்டம் மாமா. வேம்புலி அண்ணன் பக்கத்தில் நின்றவனைத் தட்டி, "நம்ம ஊட்டுக்காரி" என்றார். அவருக்கு அது சொற்பொழிவு.

இந்த வருட நோட்டீஸைப் பாருங்கள். 'ஒலிபெருக்கி அறிவிப்பு: திருமதி பேபி வேம்புலி.' கொட்டை எழுத்து. நாகேந்திரன் அண்ணனுக்கு வெங்காயம்.

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். பழைய பேன்ட் ஒன்றை மடித்தபடியே கேட்டாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா, யாரோ வந்து சொன்னாங்கன்னு எழுதிக்கீறியே, யார்டா அது?"

"கூட்டத்துல யாரு கண்டாங்கக்கா?"

"நாகேந்திரன் மாமியாக்காரி அன்னிக்கு ஊர்லியே இல்லியாமே. அண்டா மட்டும் கவுந்திருந்துதுன்னு வெச்சுக்க, அந்த யாரோவைக் கூழ்லியே முக்கி எடுத்திருப்பேன்." பேன்ட்டைக் கூடையில் போட்டாள். "நான் மைக்கைத் தொட்டவொடனே, கோயில் தூணுக்குப் பின்னாடியிருந்து மொத விசில் அடிச்சான் பாரு, அவன் மூஞ்சைப் பாத்தியா?"

"நான் பாக்கலக்கா."

"எப்படிடா பாப்பே? அந்தத் தூணுல கண்ணாடி இல்லியே."